பாவை முதல் எழுபது வளைவு வரை: கொல்லிமலைக் காட்சிகளின் வரலாறு

நாமக்கல் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொல்லிமலைக்கு இன்று ஏறுவோரில் ஒரு சாரார் மலையைக் காண்பதற்கென்று வருவதில்லை. அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்கென்றே வருகின்றனர். வளைவுதோறும் அதன் எண்ணைத் தாங்கி நிற்கும் பலகைகள், ஒரு கேளிக்கைப் பூங்காவில் ராட்டினச் சுற்றுகளை எண்ணுவது போல, எத்தனை முடிந்தன, எத்தனை எஞ்சியுள்ளன என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வருகின்றன. மலைக்குச் செல்லும் வழியே மலையின் முதன்மையான காட்சியாக மாறிய இந்த நிலை அண்மைக் காலத்தது. பூங்காக்களில் பழைய ராட்டினம் கழற்றப்பட்டுப் புதியது நிறுவப்படுவதையும், அந்த இடத்தில் வரப்போவது எது என்று வாடிக்கையாளர் ஊகிப்பதையும் போலவே, கொல்லிமலையிலும் ஒரு காட்சி இன்னொன்றின் இடத்தைப் பிடித்து வந்திருக்கிறது; ஆனால் இங்கே ஊகம் வரப்போவதைப் பற்றியதாக இருந்ததைவிட, முதலில் இருந்ததைப் பற்றியதாகவே நெடுங்காலம் இருந்தது.

முதலில் இருந்தது கொல்லிப்பாவை. பாவை என்ற சொல் பழந்தமிழில் பொம்மை, படிமம், ஓவியத்தில் தீட்டிய பெண்ணுருவம் ஆகிய மூன்றையும் குறித்தது. குறுந்தொகையின் 100ஆம் பாட்டில் கபிலர் தலைவியை, கொல்லியை ஆண்ட தலைவன் வல்வில் ஓரியின் மலையிலுள்ள பாவைக்கு ஒப்பிடுகிறார். அதே தொகையின் 89ஆம் பாட்டில் பரணர் அதே பாவையைப் பேசும்போது மலை சேர மன்னன் பொறையனுக்கு உரியதாகச் சுட்டப்படுகிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூற்றின் 209ஆம் பாட்டு தருவதால், உடைமையாளர் மாறியபின்னும் பாவையின் புகழ் மாறவில்லை என்பது தெளிவாகிறது. கடவுள் எழுதியது என்று ஒரு பாட்டும், பூதம் அமைத்தது என்று இன்னொரு பாட்டும் கூறுகின்றன. காற்று மோதினாலும், மழை கடுகினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் வடிவம் கெடாதது என்று நற்றிணை 201 அதனைச் சிறப்பிக்கிறது.

இந்தப் பாட்டுகள் எவற்றிலும் பாவை யாரையும் கொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது அழகுக்கு உவமை, அழியாமைக்கு உவமை, அவ்வளவே. நற்றிணையின் 192ஆம் பாட்டு இளவெயிலில் அப்பாவை தோன்றுவதை உவமையாக்குவதையும், பாட்டுகள் பலவற்றில் அது குடவரையில், அதாவது மலைத்தொடரின் மேற்குப் பகுதியில், இருப்பதாகச் சொல்லப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒளி படும் கோணத்துக்கேற்பப் பெண்ணுருவமாகத் தெரிந்த ஒரு பாறை முகமோ, பாறையில் தீட்டிய ஓவியமோ புலவர்களின் மனத்தில் இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

பிற்கால விளக்கம் முற்றிலும் வேறானது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, தேவரால் அமைக்கப்பட்டதும், தன்னை நோக்குவாரைச் சிரித்து மயக்கிக் கொல்வதுமான பெண்வடிவப் படிமம் என்ற பொருளிலேயே இச்சொல்லை விளக்குகிறது. மலையில் வாழ்ந்த முனிவர்களை வருத்த வந்த அரக்கரை அழிப்பதற்காகத் தெய்வத்தச்சனைக் கொண்டு இப்படிமம் செய்யப்பட்டது என்றும், மனித வாடை பட்டதும் அது தானே அசைந்து நகைக்கும் என்றும் கதை விரிந்தது. மலையின் பெயரிலேயே கொல்லுதல் ஒலிப்பது இக்கதைக்கு வித்தாக இருந்திருக்கக்கூடும். எனினும் அசையும் பாவை என்ற எண்ணத்துக்கு வேறொரு ஊற்றும் உண்டு. இயந்திரத்தைத் தமிழ் இலக்கியம் பொறி என்ற சொல்லால் குறித்தது. மதுரை மதிலில் பகைவரைத் தாக்கப் பொருத்தப்பட்டிருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிக் காட்டுகிறது, உதயணனைச் சிறைப்பிடிக்க உதவிய யானைப்பொறியைப் பெருங்கதை சொல்கிறது, விசயை ஏறித் தப்பிய மயிற்பொறியைச் சீவக சிந்தாமணி பாடுகிறது. இக்கதைகளில் ஊறிய கற்றோர்க்குக் கொல்லிப்பாவையும் ஒரு பொறியாகத் தோன்றியதில் வியப்பில்லை. மின்சாரமும் கணினியும் வந்தபின் அதனைப் பண்டைத் தமிழரின் தானியங்கி என்றும், ரோபோ என்றும் எழுதுவோர் தோன்றினர். சங்கப் பாட்டுகளில் இதற்குச் சான்று இல்லை. ஒவ்வொரு காலமும் தன் கையிலிருந்த வியப்பையே பாவையின் மேல் ஏற்றிப் பார்த்திருக்கிறது என்பதே பொருந்தும்.

இங்கே ஓர் ஒப்பீட்டைத் தவிர்க்க இயலவில்லை. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினங்கள் பல வந்து போனபின்னும் பலரின் நினைவில் நிலைத்திருப்பது, அசையாமலும் சிரிக்காமலும் நிற்கும் சிலை மனிதனின் காட்சிதான். சிரித்துக் கொல்லும் பாவையைக் கற்பனை செய்த மக்கள், சிரிக்க மறுக்கும் மனிதப் பாவையைச் சுற்றி நின்று அவனைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டது சுவையான முரண்.

பாவைக்கு அடுத்து மலைக்கு ஆள் இழுத்தது அறப்பள்ளி. அறப்பளீசுவரர் கோயில் தேவாரத்தில் கொல்லி அறப்பள்ளி என்று குறிப்பிடப்படும் வைப்புத்தலம். தனக்கெனத் தனிப் பதிகம் இல்லாமல், பிற பதிகங்களுக்குள் பெயர் மட்டும் இடம்பெற்ற தலத்துக்கு இப்பெயர். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம், திண்ணைப் பள்ளிகளில் நீதிநூலாகப் பயின்றுவந்ததால், மலையை ஒருபோதும் காணாத ஊர்களிலும் இத்தலத்தின் பெயரைப் பரப்பியது. கோயிலையொட்டி ஓடும் ஆற்றில் அறுக்கப்பட்ட மீன் மீண்டும் பொருந்தி நீந்தியது என்பது தலக்கதை. அந்நீரே சற்றுத் தொலைவில் ஆகாய கங்கை அருவியாக விழுந்து, கிழக்கு அடிவாரமான புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. துறையூர்ப் பக்கத்து மக்கள் புளியஞ்சோலையிலிருந்து அருவியின் ஓசையைத் துணையாகக் கொண்டு காட்டு வழியே ஏறி அறப்பள்ளியை அடைந்தனர். அவர்களுக்கு அருவி பயணத்தின் இடையில் வரும் நீராட்டு; கோயிலே முடிவிடம். இன்று வருவோரில் பலர்க்கு இவ்வரிசை தலைகீழாகிவிட்டது: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஏறும் அருவியே நோக்கம், கோயில் படி இறங்குமுன் கும்பிடும் இடம்.

ஆங்கிலேயர் ஆட்சி கொல்லிமலையைக் காட்சியிடமாக்கவில்லை. சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த ஏற்காடு, தோட்டங்களும் மாளிகைகளும் பெற்றுக் கோடை வாழிடமாக வளர்ந்தபோது, அதற்குத் தெற்கே நெடுந்தொலைவில் இல்லாத கொல்லிமலை மலைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, அஞ்சப்பட்ட இடமாகவே ஒதுங்கியிருந்தது. கொல்லும் பாவையின் கதை அறிந்தவர்களுக்கு இந்தக் காய்ச்சல் கதையின் உறுதிச்சான்றாகவே பட்டிருக்கும். மலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. நாடு என்பது இங்கே பல சிற்றூர்களை உள்ளடக்கிய பழைய ஆட்சிப் பிரிவு; வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு என்ற பெயர்கள் இன்றும் ஊராட்சிப் பெயர்களாக வாழ்கின்றன. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாகத் தம் மரபுக்கதை கூறும் மலைவாழ் தமிழர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. பலாவையும் தேனையும் தலைச்சுமையாகச் சந்தைக்கு இறக்கிய இவர்களுக்கு மலைவழி காட்சியன்று, உழைப்பு.

மலைச்சாலை அமைந்ததும் இவை யாவும் மாறின. செங்குத்தான சரிவில் வண்டி ஏறவேண்டுமானால் பாதையைத் திரும்பத் திரும்ப மடிக்க வேண்டும்; அம்மடிப்பே பெண்கள் கூந்தலில் செருகும் ஊசியின் வடிவை ஒத்திருப்பதால் கொண்டை ஊசி வளைவு எனப்பட்டது. பொறியாளருக்கு அது சரிவைக் குறைக்கும் வழி, லாரி ஓட்டுநருக்குக் கியரை மாற்றும் இடம், மலையூராருக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்குமான வாயில். சாமை, தினை, வரகு, கேழ்வரகு விளைந்த புலங்களில், சேலம், ராசிபுரம் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளிக் கிழங்கு பரவியதும் இச்சாலையின் வழியேதான். அழிந்துவந்த சிறுதானிய வகைகளை மீட்கும் பணியை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் இம்மலையில் மேற்கொள்ள வேண்டியதாயிற்று. வயலில் நிகழ்ந்த இந்த இடமாற்றம், சுற்றுலாவில் நிகழ்ந்ததைவிட ஆழமானது. ஆயினும் இதனைக் காணப் பயணச்சீட்டு வாங்குவோர் இல்லை. சமவெளியின் இளைஞர்கள் வளைவுகளை எண்ணத் தொடங்கியபோது, மலையூராரின் வாயில் பிறரின் விளையாட்டுக் களமானது.

சீக்குப்பாறை, சேலூர் ஆகிய காட்சிமுனைகள், வாசலூர்பட்டிப் படகுக்குழாம், மூலிகைத் தோட்டம் என்பன சாலையின் பின்விளைவுகள். ஆடி 17, 18ஆம் நாள்களில் அரசு சார்பில் நடைபெறும் வல்வில் ஓரி விழா இவற்றுள் தனித்தது. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றைத் துளைத்ததாகப் புறநானூறு 152 புகழும் ஓரியின் பெயரால் வில்வித்தைப் போட்டியும் மலர்க் கண்காட்சியும் நிகழ்கின்றன. ஆடிப் பதினெட்டு கொங்குப் பகுதியில் தூரி கட்டி ஆடும் நாளுமாகும். தூரி என்பது ஊஞ்சலின் வட்டாரப் பெயர். மரக்கிளையில் கயிறு வீசிக் கட்டிய தூரியின் இடத்தை விழாத் திடல்களில் இரும்பு ராட்டினம் பிடித்துக்கொண்டது, அதற்கு எதிராக யாரும் வாதிட்டதாகத் தெரியவில்லை. தூரி கட்டப் பெருமரம் வேண்டும். ராட்டினத்துக்குத் திடலும் கட்டணமும் போதும்.

பழனியில் 1966இல் இழுவை ரயிலும் 2004இல் ரோப் காரும் வந்தபின், படிக்கட்டு உள்ள மலைகள் எல்லாவற்றிலும் அடுத்து எது வரும் என்ற ஊகம் எழுவது இயல்பாகிவிட்டது. ஆகாய கங்கையின் படிகளில் மூச்சு வாங்கி அமர்வோரும் அதற்கு விலக்கல்லர். அப்படி ஒன்று வருமானால், புளியஞ்சோலை வழி சாலைக்குப் பின்னால் ஒதுங்கியது போல, படிகளும் மறையும். அருவி மேலிருந்து பார்த்துப் போகும் காட்சியாகக் குறையும். அருவியின் அடியில் நின்று நனைவதற்கு ஆயிரம் படி என்பது அதிக விலையன்று.

பாவையின் இடத்தில் மட்டும் இதுவரை வேறெதுவும் வந்து அமரவில்லை. அதனைக் காட்டவும் முடியாமல், இல்லை என்று தள்ளவும் மனமில்லாமல் இருந்த மக்கள், மலைமேலுள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று வழிபடத் தலைப்பட்டனர். புலவர்களின் உவமை இவ்வாறு பூசை பெறும் தெய்வமாயிற்று. எழுபதாவது வளைவையும் கடந்து செம்மேட்டில் இறங்குவோர் முதலில் காண்பது அவளையன்று. மலையைக் காரியிடம் இழந்த ஓரி அங்கே குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கிறான்.