ஃபிளாப்பியில் பிறந்த வாயிற்காவலன்

ஃபிளாப்பித் தட்டின் ஒரு மூலையில், நகத்தால் தள்ளக்கூடிய சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் தட்டில் எழுதலாம். மறுபக்கம் தள்ளினால் சதுரமாக ஓர் ஓட்டை திறந்துகொள்ளும். அப்புறம் படிக்க மட்டும்தான் முடியும். இணையம் வழியாக உள்ளே புகுந்தவன் எத்தனை பெரிய கில்லாடியாக இருந்தாலும், அந்த ஓட்டையை அடைக்க அவன் வீட்டுக்கே வந்து விரலால்தான் தள்ளியாக வேண்டும். பழைய கணினியை வீட்டு இணையத்தின் வாசலில் காவலுக்கு நிறுத்தும் வழக்கம் பிறந்த கதையை இந்தப் பிளாஸ்டிக் துண்டிலிருந்து தொடங்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

1990களின் பிற்பகுதி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேபிள் வழியாகவும் டிஎஸ்எல் வழியாகவும் எந்நேரமும் அறுபடாத இணைப்பு வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. டயல்-அப் காலத்தில் போனை வைத்தால் இணையமும் போய்விடும். திருட வருகிறவனுக்கு அவகாசம் குறைவு. இப்போதோ கதவு இரவும் பகலும் திறந்தே கிடந்தது. விண்டோஸ் 98-இல் கோப்புப் பகிர்வைத் திறந்துவைத்துவிட்டு நேராகக் கேபிள் மோடத்தில் மாட்டியவர்களின் ஃபோல்டர்கள், அதே தெருவில் இணைப்பு வாங்கிய வேறொருவரின் திரையில் வரிசையாக வந்து நின்ற கூத்தெல்லாம் நடந்தது. இன்னொரு தொல்லை, வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தாலும் நிறுவனம் தருவது ஒரே ஓர் ஐபி முகவரி.

முகவரிப் பஞ்சத்துக்கு மருந்து முன்பே தயாராகியிருந்தது. ஒரு முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை ஒளித்துவைக்கும் ‘நாட்’ என்ற உத்தியை 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணம் விவரித்தது. சமாளிக்கத் தற்காலிக ஏற்பாடு என்றுதான் அதை எழுதியவர்களே சொன்னார்கள். இன்றுவரை நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். லினக்ஸ்காரர்கள் இதற்கு ‘மாஸ்கரேடிங்’ என்று பெயர் வைத்தார்கள், மாறுவேடம் கட்டுதல். வீட்டுக்குள் ஐந்து பேர் இருந்தாலும் மேடையில் தெரிவது ஒரே முகம். வேஷம் கட்டிவிட ஒரு கணினி வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் நெட்வொர்க் கார்டு இரண்டு. ஒன்று மோடத்தைப் பார்த்து, இன்னொன்று வீட்டைப் பார்த்து.

அந்தக் கணினி மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த 486 ஆகவே இருக்கலாம் என்று காட்டியது லினக்ஸ் ரவுட்டர் திட்டம். தொடங்கியவர் டேவ் சினேஜ். ஓர் இயங்குதளம், ரவுட்டர், ஃபயர்வால் எல்லாவற்றையும் ஒரே ஃபிளாப்பியில் அடைத்தார். 1.44 எம்பி போதவில்லை என்றால் தட்டையே வேறு விதமாக ஃபார்மட் செய்து 1.68 எம்பி வரை பிழிந்தெடுப்பதும் இந்த வட்டாரத்தில் சகஜமாயிற்று. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதில் அடங்குவதே சந்தேகம். கணினி உயிர் பெற்றதும் ஃபிளாப்பியில் இருப்பதெல்லாம் ரேமுக்குள் விரிந்துகொள்ளும். அதன்பின் தட்டுக்கு வேலையில்லை. ஹார்ட் டிஸ்க்கே தேவைப்படாததால் அதைக் கழற்றிவிடலாம். திடீரென்று கரண்ட் போனாலும் கோப்புகள் சிதையாது, ஏனென்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு என்று எதுவுமே இல்லை. யாராவது உள்ளே புகுந்து எதையாவது மாற்றிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஸ்விட்சை அணைத்துப் போடலாம். பழையபடி சுத்தமாக எழுந்துவரும். புகுந்தவன் நுழைந்த ஓட்டை அப்படியே இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு சங்கடம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. காவலுக்கு நிற்கும் கணினிக்கு மானிட்டரும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம் என்று இரண்டையும் பிடுங்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், அது அசையாமல் நிற்கும். மறுபடி மானிட்டரை மாட்டிப் பார்த்தால், கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1-ஐ அழுத்தவும் என்று பயாஸ் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது? பிழை வந்தாலும் நிற்காதே என்று பயாஸுக்குள் ஓரிடத்தில் சொல்லிவைக்க வேண்டும். இதைத் தேடித் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

பழைய பிசியை ரவுட்டராக்குவது ஒட்டுப்போடும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது தாய்வீட்டுக்குத் திரும்புவதாகத்தான் படுகிறது. ரவுட்டர் என்ற தனிப் பெட்டி வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதல் கணு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் வைக்கப்பட்டபோது, அது ஹனிவெல் நிறுவனத்தின் டிடிபி-516 என்ற சிறு கணினி. 1986-இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையில், விநாடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் பாக்கெட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தவை எல்எஸ்ஐ-11 கணினிகள். அவற்றில் டேவிட் மில்ஸ் எழுதிய ‘ஃபஸ்பால்’ என்ற மென்பொருள் ஓடியது. சிஸ்கோவின் ஆரம்ப கால ரவுட்டரே, ஸ்டான்ஃபோர்டில் சன் ஒர்க்ஸ்டேஷனுக்காக உருவான கணினிப் பலகையின் வழி வந்ததுதான். பின்னால்தான் அதற்குத் தனிச் சட்டை தைத்து, உள்ளே கணினி இருப்பதே தெரியாதபடி விற்றார்கள்.

ஃபிளாப்பிக்காரர்களின் உலகில் எல்லாமே கட்டளை வரிதான். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்து பழகாதவருக்கு அது எட்டாக் கனி. 2000-இல் இங்கிலாந்தில் லாரன்ஸ் மேனிங்கும் ரிச்சர்ட் மோரெலும் கொண்டுவந்த ஸ்மூத்வால் அந்தக் குறையைத் தீர்த்தது. பழைய பிசியில் சிடியைப் போட்டு நிறுவிவிட்டால், மீதி வேலையெல்லாம் வேறொரு கணினியின் பிரவுசரிலிருந்து. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் கார்டுகளுக்கு வைத்த நிறங்கள். இணையத்தைப் பார்க்கும் கார்டு சிவப்பு. வீட்டைப் பார்ப்பது பச்சை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகத் தனியாக ஒதுக்கிய சர்வர் இருந்தால் அது ஆரஞ்சு, திண்ணை மாதிரி. கருத்து வேறுபாடு முற்றி, அடுத்த ஆண்டே, 2001-இல், ஐபிகாப் என்று ஒரு கூட்டம் தனிக்குடித்தனம் போனது. வயர்லெஸ்ஸுக்காக நீல நிறத்தைச் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கதையில் தனிக்குடித்தனம் போகாத தலைமுறையே இல்லை. அதில் பெரிய சண்டையும் அதே 2001-இல்தான் நடந்தது.

கனடாவின் கால்கரி நகரிலிருந்து தியோ டி ராட் நடத்தும் ஓபன்பிஎஸ்டி, பாதுகாப்பே குறி என்று ஒவ்வொரு வரியையும் சலித்துப் பார்க்கும் இயங்குதளம். அதில் ஃபயர்வாலாக இருந்தது ஆஸ்திரேலியரான டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டர். அதன் உரிமத்தில் வாசகம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. எல்லாரும் இலவசமென்று எடுத்துக் கையாண்டுகொண்டிருந்தபோது, திருத்திய வடிவத்தைத் தன் அனுமதியில்லாமல் வெளியிடுவதற்கு உரிமம் இடம் தரவில்லை என்று ரீட் விளக்கம் சொன்னார். அவர் எழுதியது, அவர் சொல்வதுதான் சட்டம். ஆனால் ஓட்டை கண்டால் இன்றே அடைக்க வேண்டிய இடத்தில், அடைப்பதற்கு இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்பது டி ராடுக்கு ஒத்துவரவில்லை. 2001 மே மாத இறுதியில் ஐபிஃபில்டரையே பிடுங்கி எறிந்தார். பாதுகாப்புக்குப் பெயர்போன இயங்குதளம், ஃபயர்வால் இல்லாமல் நின்றது.

அந்தக் காலி இடத்தை நிரப்பியவர் சுவிட்சர்லாந்துக்காரரான டேனியல் ஹார்ட்மையர். ஒரு மாதத்துக்குள், ஜூன் 24 அன்று, அவருடைய நிரல் ஓபன்பிஎஸ்டிக்குள் ஏறியது. பெயர் பிஎஃப். பாக்கெட் ஃபில்டர் என்பதன் சுருக்கம், அலங்காரம் ஏதுமில்லை. டிசம்பர் 1 அன்று ஓபன்பிஎஸ்டி 3.0-உடன் உலகத்துக்கு வந்தது.

பிஎஃப் போன்ற ஃபயர்வால் செய்யும் வேலையை அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியைக் கொண்டு சொல்லலாம். மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் கீழே போன் செய்து, நான் சாப்பாடு சொல்லியிருக்கிறேன், இன்ன கடைப் பையன் வருவான் என்கிறார். காவலாளி நோட்டில் குறித்துக்கொள்கிறார். பையன் வந்ததும் நோட்டைப் பார்த்து உள்ளே விடுகிறார். யாரும் அழைக்காமல் வருகிறவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிடுகிறார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கணினி வெளியே கேட்டால் நோட்டில் ஒரு வரி. பதில் வந்தால் அந்த வரியோடு ஒப்பிட்டு அனுமதி. வேலை முடிந்ததும் வரி அழியும். இந்த நோட்டைப் புரட்டுவதற்குப் பெரிய மூளை தேவையில்லை. ஒரு நோட்டு வரிக்கு ஒரு கிலோபைட் அளவு நினைவகம் போதும். விண்டோஸ் எக்ஸ்பியைத் திறக்கவே மூச்சு வாங்கிய பெண்டியம், ஒரு வீட்டின் பிராட்பேண்டைக் களைப்பில்லாமல் காத்ததன் ரகசியம் இதுதான்.

பிஎஃப் வந்துவிட்டது, ஆனால் அதுவும் கறுப்புத் திரைதான். அடுத்த அடியை எடுத்துவைத்தவரும் சுவிட்சர்லாந்துக்காரர், மனுவேல் காஸ்பர். ஒரு கட்டளைகூடத் தட்டாமல் முழு ஃபயர்வாலையும் பிரவுசரிலேயே ஆட்டுவிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 2003 பிப்ரவரி 15 அன்று மோனோவால் என்ற பெயரில் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டார். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு ‘ஓ’வுக்கும் பதிலாகப் பூஜ்யம் போடும் குறும்பு வேறு. எல்லா அமைப்புகளும் ஒரே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில். கணினி எழும்போது வழக்கமான ஷெல் ஸ்கிரிப்டுகளுக்குப் பதில், இணையப் பக்கம் எழுதப் பயன்படும் பிஎச்பி ஓடியது. யூனிக்ஸ் பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். பழைய பிசியில் இதை ஓட்டச் சிடி டிரைவும் ஃபிளாப்பி டிரைவும் போதும். சிடியில் இயங்குதளம், ஃபிளாப்பியில் அந்த ஒரே கோப்பு. ஃபிளாப்பியைப் பிடுங்கி வேறு கணினியில் செருகினால் வீட்டு ஃபயர்வால் அங்கே குடிபோய்விடும். இதில் ஒரு வேடிக்கை, ஓபன்பிஎஸ்டி துரத்திவிட்ட ஐபிஃபில்டர்தான் மோனோவாலுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

காஸ்பரின் மனசு சின்னப் பலகைக் கணினிகள் மேல் இருந்தது. எல்லாவற்றையும் கட்டெறும்பாகவே வைத்திருக்க விரும்பினார். ஹார்ட் டிஸ்க்கும் நிறைய ரேமும் உள்ள முழுப் பிசியை அது பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று கிறிஸ் பூக்லரும் ஸ்காட் உல்ரிச்சும் 2004-இல் அதிலிருந்து பிரிந்தார்கள். ஐபிஃபில்டரை வைத்த இடத்தில் பிஎஃப்-ஐ வைத்தார்கள். பெயரும் பிஎஃப்சென்ஸ் ஆனது. 2006-இல் 1.0 வெளிவந்தது. அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினி, இரண்டு இன்டெல் கார்டு, ஒரு சிடி. உலகமெங்கும் மாணவர் விடுதிகளிலும் சின்ன அலுவலகங்களிலும் வீட்டு மூலைகளிலும் அது முளைத்தது.

கடையில் வாங்கும் பெட்டியின் சட்டையும் இதற்குள் கிழிந்துபோயிருந்தது. 2002 இறுதியில் வந்த லிங்க்சிஸின் நீலக் கறுப்பு டபிள்யூஆர்டி54ஜி-க்குள் ஓடுவது லினக்ஸ் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். உரிமப்படி 2003-இல் மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளம் கிளைத்தது. அது இன்னொரு பெரிய கதை.

என் வீட்டுக் கதை சின்னது. இணைப்போடு கொடுத்த மோடத்துக்குக் கடவுச்சொல், அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்ததுதான். அதன் மென்பொருளை யாரும் புதுப்பித்ததாகத் தெரியவில்லை. அதனால் பரணில் கிடந்த பெண்டியம் 4-ஐ இறக்கினேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து இருந்தன. பிஎஃப்சென்ஸை ஏற்றி, வாசலில் நிறுத்தினேன். நிம்மதியாகத்தான் இருந்தது, மின்கட்டணம் வரும்வரை. சும்மா நின்றாலே 70 வாட் இழுக்கும் பெட்டி, நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் 100 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை, காவலாளி ஒருவனே முழுசாகச் சாப்பிட்டுவிட்டான். பழைய கணினியைக் காவலுக்கு வைக்கச் சொல்கிறவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு இது. டெஸ்க்டாப்பைவிடப் பழைய லேப்டாப்போ, அலுவலகங்கள் ஏலத்தில் தள்ளிவிடும் சிறு பெட்டிக் கணினியோ இதற்கு மேல்.

2015 ஜனவரியில் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து ஓபிஎன்சென்ஸைக் கொண்டுவந்தது. அடுத்த மாதம் 15-ஆம் தேதி, சரியாகப் பன்னிரண்டு ஆண்டு முடிந்த நாளில், மோனோவாலைக் காஸ்பர் நிறுத்திவிட்டார். கைவிட்டுப் போய்விடாமல், பயனர்களை ஓபிஎன்சென்ஸைப் பார்க்கச் சொன்னார். பேரன் வீட்டுக்கு வழிகாட்டிவிட்டு விளக்கை அணைத்த தாத்தா.

2017-இல் பிஎஃப்சென்ஸ் 2.4, 32-பிட் செயலிகளை விட்டுவிட்டது. அடுத்து 2.5-க்குச் செயலியில் ஏஇஎஸ் குறியாக்க வசதி கட்டாயம் என்று அறிவித்து, கூச்சல் எழுந்தபின் 2019-இல் பின்வாங்கினார்கள். என் பெண்டியம் 32-பிட். இனி அதற்குப் புதிய திருத்தம் எதுவும் வராது என்று தெரிந்த அன்றைக்கு அதை வாசலிலிருந்து இறக்கினேன். திருகாணிகளைக் கழற்றி, இரண்டு இன்டெல் கார்டுகளையும் பிடுங்கி, நண்பர் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த 64-பிட் கணினியில் செருகினேன். அமைப்புக் கோப்பை ஏற்றியதும், சிவப்பு எது பச்சை எது என்று கேட்காமலே அது நின்றுகொண்டது. பெண்டியம் குங்குமத்தோடு பரணுக்குத் திரும்பியது.