பலகைக் கூடு கட்டிய அமெரிக்க வான்கள்

அண்மையில் மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர வழியாகப் பல்லேகமவுக்குச் சென்றிருந்தேன். சிறுவயதில் மாத்தளைக் கடைத்தெருவில் ஏலக்காய் மூட்டைகளை இறக்கும் அமெரிக்க வான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அது பல்லேகமப் பக்கத்திலிருந்து வருவதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். முன்பக்கம் இரும்பு, பின்பக்கம் முழுவதும் பலகை. அந்த நினைவே என்னை அங்கு இழுத்துச் சென்றது. ஆனால் பழைய பல்லேகம இன்று இல்லை. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக 2010களின் பிற்பகுதியில் அந்நகர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

அந்த வானின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1908 முதல் 1927 வரை ஃபோர்ட் நிறுவனம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி 'மொடல் டி' வண்டிகளை உருவாக்கியது. ரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிச்செல்ல, அவ்வண்டியின் அடிச்சட்டத்தின்மீது தனியார் தச்சுப் பட்டறைகள் மரக்கூடு கட்டின. 'ஸ்டேஷன் வேகன்' என்ற பெயரின் பிறப்பு இதுதான். 1929இல் ஃபோர்ட் தானே மரக்கூட்டு வேகனை விற்பனைக்கு விட்டது. 1935இல் செவர்லே நிறுவனத்தின் 'சபர்பன்' உருக்குக் கூட்டுடன் வந்தது. 1946இல் வில்லிஸ் ஜீப் வேகனும் முழு உருக்கில் வெளியானது. பக்கங்கள் அடைத்த சரக்கு வான்களோ ரொட்டிக் கடை, சலவைக் கடை, பத்திரிகை அலுவலகம் ஆகியவற்றின் பெயர்ப்பலகைகளாகவே ஓடின.

பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கு ஃபோர்ட் வண்டிகளை அனுப்பும் உரிமை, 1904இல் தொடங்கிய அதன் கனடாக் கிளைக்கு இருந்தது. முழு வண்டியாக அனுப்பினால் கப்பலில் இடம் அதிகம் பிடிக்கும். எனவே அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் கடல்கடந்து வருவதுண்டு. கூட்டை உள்ளூர்த் தச்சர்கள் கட்டினார்கள். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாகும் வரை, இலங்கையில் தனியார் பஸ்கள் பலவற்றுக்கும் இப்படித்தான் உருவம் கிடைத்தது.

1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. புதிய வண்டி வாங்க வழியில்லை. உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப்பலகை பூட்டி, பழைய வண்டிகளையே ஓட்டினார்கள். அந்த வண்டிகள் அத்தனை காலம் நிலைத்ததற்கு அமெரிக்க எஞ்சினின் உறுதி ஒரு காரணம்; நம் தச்சரின் கைத்திறன் மறு காரணம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய வான்கள் வந்திறங்கின; பலகைக் கூடுகள் விறகாயின.

எஞ்சினில் தொழிற்சாலையின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பலகையில் தச்சரின் பெயர் இருக்கவில்லை. ஆகவே வரலாறு முன்பாதியை நினைவில் வைத்தது; பின்பாதியை மறந்தது. பல்லாண்டுகள் பத்திரிகையில் எழுதிய நானும் அத்தச்சர்களில் ஒருவரைக்கூடச் சந்தித்து எழுதியதில்லை. அமைச்சர்களின் பேச்சுகளைக் குறித்துக்கொண்ட குறிப்பேட்டில் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

உங்கள் பாட்டனாரோ தந்தையாரோ அத்தகைய பட்டறையில் உளி பிடித்தவராயின், அவர் பெயரையும் ஊரையும் இன்றே எழுதி வையுங்கள். பழைய பல்லேகமவைத் தேடிப் போய் நீர்ப்பரப்பைப் பார்த்துத் திரும்பியவன் சொல்லக்கூடியது இவ்வளவே.