வளைகுடாத் தமிழரின் குழூஉக்குறிகள்: தோற்றமும் தகுதியும்

வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பகுத்த பவணந்தி முனிவர், தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம் என்பவற்றோடு குழூஉக்குறியையும் வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என வழங்குவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஒரு குழுவினர் தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும் நிலையை அவ்விலக்கணம் கருதிற்று. ஐக்கிய அரபு அமீரகத்திலும் பிற வளைகுடா நாடுகளிலும் தமிழ்த் தொழிலாளரிடையே வழங்கும் குறிகளோ, நிலையில் ஒவ்வாத பல குழுக்களிடையே புழங்குபவை. அவற்றின் தகுதியை முடிவு செய்வது சொற்பிறப்பன்று. யார் யாரை நோக்கிக் கூறுகின்றனர் என்பதே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இச்சொற்பரிமாற்றம் எண்ணெய் வளத்துக்கு முற்பட்டது. 'மாலுமி' என்னும் தமிழ்ச்சொல் அரபியின் 'முஅல்லிம்' என்பதன் வழிவந்தது. தமிழ் முஸ்லிம்களிடையே பொருளீட்ட அயல்நாடு சென்றவரைக் குறிக்கும் 'சபுராளி' என்பதன் வேர், பயணம் எனப் பொருள்படும் 'சஃபர்'. மறுதிசையிலும் சொற்கள் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வளைகுடாத் துறைமுகங்களில் இந்திய ரூபாய் செலாவணியாக இருந்தது. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கெனத் தனித்தாள்களையே வெளியிட்டது. 'பைசா' வளைகுடா அரபியில் 'பேசா' ஆயிற்று. மின்விசிறி 'பான்கா' எனவும், நேராகச் செல்வது 'சீதா' எனவும் வழங்கலாயின. வணிகர்க்கு இருந்த மதிப்பு அவர்தம் சொற்களுக்கும் இருந்தது.

அபுதாபியின் எண்ணெய் ஏற்றுமதி 1962இல் தொடங்கிற்று. 1973இன் விலையேற்றத்துக்குப் பின் தொழிலாளர் பெருந்தொகையினராகச் சென்றனர். இக்காலத்தில் தமிழர் பேச்சில் புகுந்தவை ஆணையும் ஆவணமும் சார்ந்த சொற்கள்: வசிப்புரிமைக்கு 'இக்காமா', அட்டைக்குப் 'பத்தாக்கா', பொறுப்பேற்பவருக்குக் 'கஃபீல்', முதலாளிக்கு 'அர்பாப்'. இறுதிச்சொல் இறைவனையும் குறிக்கும் 'ரப்' என்பதன் பன்மை. பாரசீகத்தின் வழியே ஒருமைப் பொருளில் 'தலைவர்' என்றாயிற்று. பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' (2008) என்னும் மலையாள நாவல் இச்சொல்லின் சுமையை வளைகுடா காணாத வாசகருக்கும் உணர்த்திற்று.

பல மொழியினர் கூடிய பணியிடங்களில் அரபியின் எளிய கலப்புவடிவம் ஒன்று உருவாயிற்று. 'அனா மாஃபி மாலூம்' என்றால் 'எனக்குத் தெரியாது'. 'மாலூம்' அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியே இந்துஸ்தானிக்குச் சென்று, தொழிலாளர் நாவில் மீண்டும் அரபு மண்ணுக்குத் திரும்பிய சொல். இவ்வடிவத்தை முதலில் ஆராய்ந்தோருள் ஒருவரான ஜே. ஆர். ஸ்மார்ட், 1990இல் வெளியிட்ட கட்டுரைக்கு வளைகுடா நாளிதழ்களின் கேலிச்சித்திர உரையாடல்களையும் நகைச்சுவைப் பத்திகளையும் சான்றாகக் கொண்டார். தொழிலாளரின் மொழி ஆய்வுலகை எட்டியது பிறர் அவரைப் போலச்செய்த நகைப்பின் வாயிலாக என்பது கருதத்தக்கது.

தகுதிச் சிக்கல் இங்கே தெளிவாகிறது. 'கல்லிவல்லி' என்பது 'போய்த் தொலையட்டும்' என்னும் பொருள்பட்ட அரபித் தொடரின் மரூஉ. தொழிலாளர் தம்முள் 'விட்டுத்தள்ளு' என ஆறுதலாகக் கூறும் அதே சொல், அரபியரிடம் கூறப்படின் அவமதிப்பாகலாம். 'ரஃபீக்' என்றால் தோழன். தொழிலாளர் தமக்குள் அழைக்கையில் அது தோழமையே. பெயர் கேட்க விரும்பாத ஒருவர் தெற்காசியத் தொழிலாளர் எவரையும் அவ்வாறு விளிக்கையில், அதே சொல் பெயரை அழிக்கிறது. தமிழரும் மலையாளிகளும் பாகிஸ்தானியரைப் 'பச்சை' எனச் சுட்டுவதும் இவ்வகையினதே. கொடியின் நிறத்துள் ஒரு மக்களை அடக்கும் இக்குறியில், பெயரிழப்பவர் மற்றொரு தொழிலாளர்.

இனம், சமயம் முதலியவை பற்றிய பாகுபாட்டையும் வெறுப்பையும் தடுக்க அமீரகம் 2015இல் 2ஆம் எண் கூட்டாட்சி ஆணைச்சட்டத்தை இயற்றியது. அது வெறுப்புரையைத் தண்டனைக்குரியதாக்கிற்று. 'தோழன்' என்னும் சொல்லிலுள்ள இழிவு சட்டத்துக்கு எளிதில் எட்டாதது. அதனைத் திருத்த வல்லது வழக்கே. தமிழ் அகராதிகளில் இச்சொற்கள் இடம்பெறும் நாளில், வேர்மொழியும் பொருளும் மட்டும் தருதல் போதாது. யார் கூறுவது, யாரிடம் கூறுவது என்னும் குறிப்பும் வேண்டும். குழூஉக்குறியைத் தகுதியின்பாற்படுத்திய மரபுக்கு அது புதிதாகாது.