மெட்டு நீங்கிய கிற்றார்

விலையுயர்ந்த இசைக்கருவிகளின் வரலாற்றைப் பலரும் பேசுவர். மலிவான கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நினைப்பவர் சிலரே. மின்சார பேஸ் கிற்றாரின் கதை இத்தகைய ஒரு வரலாற்றை நமக்குக் காட்டுகின்றது.

மேலைநாட்டுக் குழுவிசையில் மந்தரஸ்தாயியில் நின்று ஏனைய ஒலிகளைத் தாங்குவது பேஸ். முன்னர் இப்பணியைச் செய்தது ஆளுயரத்திற்கு மேற்பட்ட டபிள் பேஸ் என்னும் கருவியாகும். வயலினைப் போலவே அதற்கும் மெட்டுகள் இல்லை. செவியையே துணையாகக் கொண்டு விரலுக்கு இடம் தேட வேண்டும். 1930களில் அமெரிக்காவின் சியாற்றில் நகரிற் போல் ற்றட்மார்க் என்பவர் மெட்டுகளுள்ள மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார். எனினும் அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் வெளியிட்ட கருவியே உலகெங்கும் பரவியது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘பிறெசிசன்’. துல்லியம் என்பது அதன் பொருள். வீணையின் மெட்டுகள் மெழுகிற் பதிக்கப்படுவன. கிற்றாரின் மெட்டுகளோ மரத்தில் வெட்டிய பள்ளங்களில் இறுக்கப்படும் உலோகக் கம்பிகள். அவை இருப்பதாற் சுரம் வழுவாது என்பதே அப்பெயரின் கருத்து.

பத்தாண்டு கழிந்தது. 1961இல் இங்கிலாந்திலே பில் வைமன் என்னும் இளைஞர் பேஸ் வாசிக்க விரும்பினார். நல்ல கருவி வாங்கப் பொருள் போதாமையால், எட்டுப் பவுண் கொடுத்து மலிவான பேஸ் ஒன்றைப் பெற்றார். அதன் உருவம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே உடலை அறுத்துச் சிறிதாக்கி, ஓரங்களைச் சீவினார். தேய்ந்த மெட்டுகளிலே தந்தி உரசி இரைந்தது. புதியனவற்றைப் பொருத்தும் எண்ணத்துடன் மெட்டுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு வாசித்துப் பார்த்தார். இரைச்சல் அடங்கியது, டபிள் பேஸினை நினைவூட்டும் மென்மையான நாதம் பிறந்தது. புதிய மெட்டுகள் பின்னர் ஏறவேயில்லை. அடுத்த ஆண்டு றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவிற் சேர்ந்த அவர், அக்குழுவின் ஒலிப்பதிவுகளிலும் அக்கருவியை வாசித்தார். மெட்டில்லாத மின்சார பேஸ்களுள் முதலாவது இதுவே எனப் பலர் கருதுவர். அம்பெக் நிறுவனம் இத்தகைய கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது 1966இலேதான். பெண்டர் நிறுவனம் 1970இலே கொணர்ந்தது. தொழிற்சாலைக்கு முன்னரே ஏழைக் கலைஞனின் கை அவ்விடத்தை அடைந்துவிட்டது.

புளோரிடாவில் வளர்ந்த ஜாக்கோ பஸ்ரோறியஸ் இதனை மேலும் ஒரு படி உயர்த்தினார். அவரது கருவி 1962இற் செய்யப்பட்ட பெண்டர் ஜாஸ் பேஸ். அந்நாளில் அது பழைய கருவியேயன்றி அரும்பொருளன்று. அதன் மெட்டுகளைத் தாமே அகற்றியதாக அவர் கூறியதுண்டு. வெறுமையான பள்ளங்கள் மரப்பசையால் நிரப்பப்பட்டன. ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. முறுக்குக் கம்பி சுற்றிய தந்தி, மெட்டில்லாத மரத்தை அரம் போல் அராவிவிடும். படகுகளுக்குப் பூசும் எப்பொக்சிப் பூச்சைப் பல தடவை தடவி அவர் அதற்குத் தீர்வு கண்டார். மரத்தைக் காக்க இட்ட அப்பூச்சுக் கண்ணாடி போல் இறுகி, நாதத்திற்குத் தெளிவையும் நீட்சியையும் அளித்தது. 1976இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டைக் கேட்டோர், பேஸ் வாய்விட்டுப் பாடக் கூடும் என்பதை உணர்ந்தனர்.

பழங்கருவிகளைச் சேகரிப்போர், மேற்பூச்சைச் சுரண்டினாலும் உறுப்பை மாற்றினாலும் மதிப்புக் குன்றும் என்பர். விலையை நோக்கின் அவர் கூற்று மெய்யே. ஆனால் இழப்பதற்கு அஞ்ச வேண்டாத கருவியே இவ்விருவரின் கைக்கும் துணிவு தந்தது. அத்துணிவுக்கு அவர்கள் செலுத்திய விலை வேறொன்று. மெட்டு என்னும் ஊன்றுகோலை எறிந்தவர் ஒவ்வொரு சுரத்தையும் தம் செவியாலேயே தேடிக்கொள்ளல் வேண்டும். துல்லியத்தைக் கருவியிடமிருந்து பறித்துத் தம்மிடமே ஏற்றுக்கொண்டமையே அவர்களின் சிறப்பாகும்.