கடைத்தெருவுக்கு முன் பதிவேடு: வணிகக் குறிக் கண்காணிப்பு குறித்து ஒரு வாதம்

பதிவுசெய்த வணிகக் குறியைக் காப்பது என்றதும் நம் தொழில் நிறுவனங்களுக்கு நினைவுக்கு வருவது கடைத்தெரு. விற்பனைப் பிரதிநிதி எங்கோ கண்ட போலிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார். வக்கீல் நோட்டீஸ் போகிறது. இது தேவைதான். ஆனால் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தைக் கூர்ந்து படித்தால், குறியின் உரிமையாளருக்குப் பெரிய ஆபத்து பெட்டிக்கடையில் தொங்கும் போலியால் வருவதில்லை என்பது புலப்படும். ஒத்த பெயருக்குத் தாமும் பதிவு வாங்கிவிட்ட பின்வந்தவரிடமிருந்தே அது வருகிறது. ஆகவே கண்காணிப்பின் முதல் களம் பதிவேடு என்பது என் வாதம்.

பதிவு பெறாதவர் ஒத்த குறியைப் பயன்படுத்தினால் 29ஆம் பிரிவின்படி உரிமை மீறல் வழக்குத் தொடரலாம். 134ஆம் பிரிவு, வாதி தாம் தொழில் நடத்தும் ஊரிலேயே அந்த வழக்கைத் தொடுக்க வழிசெய்கிறது. இருவரிடமும் பதிவு இருந்தாலோ நிலைமை தலைகீழ். ஒத்த குறிகளுக்குப் பதிவு பெற்ற இருவரில் எவரும், பதிவை மட்டும் காட்டி மற்றவருக்கு எதிராகத் தனியுரிமை கோர முடியாது என்கிறது 28(3). இதற்கு மேல் 33ஆம் பிரிவு இருக்கிறது. பின்வந்தவரின் பதிவுபெற்ற குறி பயன்பாட்டில் இருப்பதை அறிந்தும் தொடர்ந்து 5 ஆண்டுகள் பொறுத்துக்கொண்டவர், அந்தப் பதிவு செல்லாது என்று கோரவோ அதன் பயன்பாட்டை எதிர்க்கவோ முடியாது. பின்வந்தவர் நல்லெண்ணமின்றி விண்ணப்பித்திருந்தால் மட்டுமே விலக்கு. இந்த 5 ஆண்டுக் கவசம் பதிவு பெற்றவருக்கே உரியது. பதிவில்லாப் போலிக்காரர் 5 ஆண்டு விற்றாலும் இந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்க முடியாது.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்குச் சரியான சான்று. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் மங்கிய விளக்கொளியில் வியாபாரம் நடந்ததால் மக்களே வைத்த பெயர் அது. அந்தப் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து இன்னொருவர் பயன்படுத்தினார். அவர் கையிலும் பதிவுச் சான்று இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2015இல் வந்த தீர்ப்பு, இரு பதிவுகள் எதிரெதிரே நிற்கும்போது உரிமை மீறல் வழக்கு நிலைக்காது என்பதை ஏற்றது. பழைய கடையைக் காப்பாற்றியது 27(2)ஆம் பிரிவு. ஒருவர் தம் சரக்கை இன்னொருவரின் சரக்கென்று நம்பவைத்து விற்பதைத் தடுக்கும் பழைய பொதுச்சட்ட உரிமையை அது விட்டுவைத்திருக்கிறது. அதன்படி முந்திய பயன்பாடே பதிவைவிட வலியது என்றது நீதிமன்றம்.

இத்தீர்ப்பைக் கொண்டாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நற்பெயரை நிரூபிக்க அந்தக் கடையால் முடிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டில் மசாலாத் தொழில் தொடங்கிய ஒருவரிடம் அத்தகைய சான்றுகள் இருக்காது. அவருடைய வலிமையான ஆயுதமே பதிவுதான். எதிராளியும் பதிவு பெற்ற அன்றே அது மழுங்கிவிடுகிறது.

மழுங்காமல் தடுக்கும் வாய்ப்பு வாரந்தோறும் வெளியாகும் வணிகக் குறி இதழில் இருக்கிறது. ஏற்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகுமுன் அதில் விளம்பரமாக வேண்டும். அன்றிலிருந்து 4 மாதங்களுக்குள் எவரும் 21ஆம் பிரிவின்கீழ் எதிர்ப்பு மனு தரலாம். இணையவழி மனுவுக்கு ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய் கட்டணம். அந்த 4 மாதம் கடந்தால் மிஞ்சுவது 57ஆம் பிரிவின்கீழ் பதிவை நீக்கக் கோரும் வழக்கு. அதன் செலவும் காலமும் வேறு அளவில் இருக்கும்.

இதழைப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில் பல வடிவம் எடுக்கின்றன. ‘இருட்டுக்கடை’யையே ஒரு டகரத்தோடும் இரண்டோடும், ஒரே சொல்லாகவும் பிரித்தும் எழுதலாம். ழகரம் வரும் பெயர்கள் இன்னும் மோசம். எழுத்து மாறாமல் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார். ஒலியொப்புத் தேடலும், உருவங்களுக்கான வியன்னாக் குறியீட்டுத் தேடலும் சேர வேண்டும். வகுப்பையும் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. அல்வா 30ஆம் வகுப்பு. அதே பெயரில் உணவகம் திறப்பவர் 43ஆம் வகுப்பில் விண்ணப்பிப்பார்.

பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது என்பதற்கு அமிர்ததாரா வழக்கு சான்று. 1901 முதல் விற்பனையில் இருந்த அமிர்ததாரா மருந்துக்கு 1942இல் பதிவு கிடைத்தது. 1923 முதல் லட்சுமண்தாரா என்ற பெயரில் விற்றுவந்தவர் 1950இல் விண்ணப்பித்தபோது அமிர்ததாரா நிறுவனம் முறையாக எதிர்த்தது. இரு பெயர்களும் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்தவை என்று உச்ச நீதிமன்றம் 1962இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அத்தனை ஆண்டுக்கால மௌனம் குறுக்கே நின்றது. உத்தரப் பிரதேச எல்லைக்குள் மட்டும் என்ற வரையறையோடு லட்சுமண்தாரா பதிவு பெற்றது. பெயர் ஒப்பு பற்றிய வாதத்தில் வென்றும் ஒரு மாநிலத்தை இழந்தார்கள்.

இதற்கு எதிராக 1994இன் சுமீத் மிக்சி வழக்கைக் காட்டுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற அவ்வழக்கில், வெறும் மௌனம் இசைவாகாது, ஊக்குவிக்கும் செயல் ஏதாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் எடைபோடப்படுவது ஒன்றுதான்: தடையின்றி இருக்கிறோம் என்று நம்பிப் பணமும் உழைப்பும் போட எதிராளிக்கு நேர்மையான காரணம் இருந்ததா? நேர்மையற்றவருக்குத் தாமதம் துணைவராது என்பதை மிடாஸ் ஹைஜீன் வழக்கிலும் (2004) நீதிமன்றம் தெளிவாக்கியது. நேர்மையாகத் தொழில் செய்பவரை அறிந்தே வளரவிட்டவர்தான் இழக்கிறார்.

33ஆம் பிரிவு ‘அறிந்தும்’ என்று நிபந்தனை வைப்பதால் இதழில் விளம்பரம் வந்ததே அறிவாகிவிடாது என்று வாதிடலாம். நானும் அப்படியே படிக்கிறேன். எனினும் அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. எப்போது கண்டோம், எங்கே வாங்கினோம், ரசீது எங்கே, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று தேதியிட்டு எழுதிய குறிப்பேடு இருந்தால், எப்போது அறிந்தார் என்ற கேள்விக்கு உரிமையாளரே பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு தன் விளம்பரங்களைக் கொண்டு பதில் சொல்லும். ஆதாரமில்லாமல் மிரட்டல் நோட்டீஸ் அனுப்பினால் 142ஆம் பிரிவு திரும்பித் தாக்கும் என்பதாலும் இக்குறிப்புகள் வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இந்த வேலைக்குக் கண்காணிப்புச் சேவைகளை அமர்த்திக்கொள்ளும். அப்பளம் போடும் குடும்பத்திடம் ஒவ்வொரு இதழையும் புரட்டச் சொல்வது நியாயமில்லை. தேர்வு அறிக்கையில் பதிவகமே முந்திய ஒத்த குறிகளைக் கண்டெடுத்துப் புதிய விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்கிறது. அந்த விண்ணப்பத்தைப் பின்னர் ஏற்று விளம்பரம் செய்யும்போது முந்திய குறியின் உரிமையாளருக்குச் சொல்லும் கடமையைச் சட்ட வாசகம் பதிவகத்தின்மீது சுமத்தவில்லை. பிரிட்டனில் 2007 அக்டோபர் முதல் அலுவலகமே முந்திய உரிமையாளர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. அங்கே அது தானாக மறுப்பதை விட்டுவிட்டு இதைச் செய்கிறது. நாம் மறுக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டே இந்தக் கடமையை 2017ஆம் ஆண்டு விதிகளில் சேர்க்கலாம். தேர்வு அறிக்கையில் பெயர் சுட்டப்பட்ட ஒவ்வொரு உரிமையாளருக்கும், விளம்பரமான நாளிலேயே மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் போக வேண்டும். 21ஆம் பிரிவையும் திருத்தி, அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கான 4 மாதம் எண்ணப்பட வேண்டும்.