குணத்தின் கட்டங்களும் பவர் டேபிளும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தபோது எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. கேள்வித்தாளில் டிக் அடித்து முடித்ததும் ஒவ்வொருவரும் நான்கு கட்டங்களில் ஒன்றுக்குள் போய் விழுந்தோம்: அதட்டுகிறவர், பேசி இழுக்கிறவர், நிதானி, கணக்குப் பார்க்கிறவர். ஒருத்தர் குணம் இன்னொருத்தருக்குப் புரிந்துவிட்டால் லைனில் சண்டை வராதாம். பவர் டேபிளிலிருந்து வந்த அக்கா ஒருவர் எழுந்து, 'ஏனுங் சார், பீஸ் ரேட்டு எந்தக் கட்டத்துல வருதுங்?' என்றார். சிரித்தோம். சிரிப்போடு கேள்வியையும் மறந்தோம் என்பதுதான் என் வெட்கம்.

இந்தக் கட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1928ல் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய நூல்தான் இவற்றின் மூலம். சூழல் தனக்கு அனுகூலமா எதிரா, அதைவிடத் தான் வலுவா பலவீனமா என்பதை வைத்தே அவர் நான்கு வகைகளைப் பிரித்தார். அதாவது அவருடைய கணக்கில் அதிகாரம் இருந்தது. கேள்வித்தாள் தயாரித்து விற்றவர்கள் பின்னால் வந்தவர்கள். சரக்கானபோது சூழல் உதிர்ந்து குணம் மட்டும் மிஞ்சிற்று.

அதே 1928 ஜனவரியில், சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையின் ஆய்வறையில் டெலிபோன் ரிலே பூட்டிக்கொண்டிருந்த பெண்களில் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று மாற்றப்பட்டார்கள். இணக்கமான குழு உற்பத்தியைக் கூட்டும் என்பதற்கு நிர்வாகவியல் பாடப்புத்தகங்கள் காட்டிவந்த ஆய்வு இதுதான். இணக்கம் எப்படி வந்தது பார்த்தீர்களா?

இதற்கு மாறான உதாரணத்துக்கு அமெரிக்கா போக வேண்டாம். 1953ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு ஏ.கே.ரைஸ் வந்தார். 224 தானியங்கித் தறிகள் ஓடிய ஷெட்டில் வேலை 12 தனித்தனிப் பணிகளாகச் சிதறிக் கிடந்தது. யாருக்கு என்ன குணம் என்று அவர் ஆராயவில்லை. ஒரு குழுவுக்கு ஒரு தறித்தொகுதி என்று வேலை மாற்றியடுக்கப்பட்டது; குழுக்களைத் தொழிலாளர்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடிற்று, துணிச்சேதம் குறைந்தது.

திருப்பூருக்குக் குணம் பேசுவது புதிதல்ல. தொழிலாளியாயிருந்து முதலாளியான கவுண்டர்கள் தம் ஏற்றத்தை 'உழைப்பு' என்ற ஒரே சொல்லால் விளக்கியதை ஷரத் சாரி தன் 2004ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சாதி, உறவு, கடன் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். ஏறியவனுக்கு உழைப்பு குணம் என்றால், கூலி கேட்டவளுக்கு? அடாவடி. 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் இந்த ஊர்த் தொழிலாளர்கள். அதுவும் டீம் ஒர்க்தானே? அதை அளக்க எந்தக் கட்டம்?

முன்னால் இருப்பவர் கை ஓடாவிட்டால் பின்னால் இருப்பவர் கூலி விழும்படி அமைந்த டேபிளில் சண்டை குணத்தாலா வருகிறது?

அக்காவின் தாளில் 'அதட்டுகிறவர்' என்று வந்திருந்தது. யார் வலு, யார் பலவீனம் என்ற மார்ஸ்டனின் பழைய கேள்வியை அந்த அறையில் திரும்பக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.