கோடியக்கரை போய்ட்டு வர 224 கிலோமீட்டர்: ஒரு ரேஞ்ச் நம்பரின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு நம்பரைப் பத்தி. எலக்ட்ரிக் கார் விளம்பரத்துல "ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர்"னு பெருசா போடுவாங்களே, அந்த நம்பர். அது எங்கேருந்து வந்துச்சு, நம்ம ரோட்டுக்கு வந்தா மட்டும் ஏன் சுருங்குதுன்னு பாக்கப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கோடியக்கரைக்குப் போய்ட்டு வரணும்.

போன ஆடி அமாவாசை. தாத்தாவுக்குத் திதி குடுக்கக் கோடியக்கரைக் கடலுக்குப் போறதுன்னு வீட்ல முடிவாச்சு. தஞ்சாவூர்லேருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியா எங்க கணக்குக்கு 112 கிலோமீட்டர். போக வர 224. சித்தப்பா எலக்ட்ரிக் கார் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, கதைக்கு அது தேவையும் இல்ல. பேப்பர்ல ரேஞ்ச் 300-க்கு மேல. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு வெச்சிருந்தார். காலைல நாலரை மணிக்கு டேஷ்போர்டு 255 காட்டுச்சு. "தாராளமா போய்ட்டு வந்துரலாம்டா"ன்னார். சாஃப்ட்வேர் எஸ்டிமேட் போட்டே வயித்தக் கழுவுற நானும், 31 கிலோமீட்டர் பஃபர் இருக்கேன்னு தலையாட்டிட்டேன்.

உள்ள அஞ்சு பேர். பின்சீட்ல அப்பாயி, 78 வயசு. ஏசி ஓடுது, ரோடு காலி, 80, 90-ல போறோம். டெல்டா ரோடு மேடு பள்ளம் இல்லாத ரோடு, ஏத்தம்னு பாத்தா ஆத்துப் பாலம்தான். இதைவிட எலக்ட்ரிக் காருக்குத் தோதான ரோடு கிடைக்காது. ஆனா கோடியக்கரைல இறங்கும்போது பேட்டரி 46 சதவீதம், டேஷ்போர்டுல 96 கிலோமீட்டர். ஓட்டினது 112, நம்பர்ல குறைஞ்சது 159. திரும்பிப் போக இன்னும் 112 வேணும்.

கடல்ல ஏகப்பட்ட கூட்டம். சித்தப்பா இடுப்பளவு தண்ணில நின்னு எள்ளும் தண்ணியும் இறைக்கிறார். நான் பின்னாடி நின்னு ஃபோன்ல சார்ஜர் தேடிட்டு இருக்கேன். பக்கத்துல எதுவும் காட்டல. தாத்தா மன்னிச்சுக்கட்டும்.

அப்ப எனக்கு வந்த முதல் கோபம், "யாரோ பொய் சொல்லியிருக்காங்க"ங்கிறதுதான். வீட்டுக்கு வந்து படிச்சப்புறம்தான் விஷயம் அதைவிட சுவாரசியமா இருந்துச்சு.

நூறு வருஷம் பின்னாடி போவோம். 1910-கள்ல அமெரிக்காவுல டெட்ராய்ட் எலக்ட்ரிக்னு ஒரு கார். ஒரு சார்ஜுக்கு 80 மைல், அதாவது சுமார் 130 கிலோமீட்டர் போகும்னு விளம்பரம் பண்ணாங்க. ஆனா ஒரு டெஸ்ட்ல அதே பேர் கொண்ட கார் 211 மைல், கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர் ஓடினதா பதிவு இருக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி கார்தான், நம்பர் மட்டும் ரெண்டரை மடங்கு வித்தியாசம். அந்தக் காரோட வேகமே மணிக்கு 32 கிலோமீட்டர் மாதிரிதான்ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அப்புறம் பெட்ரோல் ஜெயிச்சுது. எலக்ட்ரிக் கார் ஏறக்குறைய காணாமப் போச்சு. அரை நூற்றாண்டுக்கு மேல யாருக்கும் ரேஞ்சை அளக்கணும்ங்கிற தேவையே வரல.

இப்ப நாம பயன்படுத்துற டெஸ்ட் முறை பிறந்ததே வேற ஒரு பிரச்சினைக்காக, புகைக்காக. 1960-கள் முடிவுல பெரிய நகரங்கள்ல மூச்சு விட முடியல. ஒரு கார் எவ்வளவு புகை விடுதுன்னு அளக்கணும்னா எல்லா காரையும் ஒரே மாதிரி ஓட்டணும். அதனால காரை ரோட்ல ஓட்டாம, உருளைங்க மேல நிறுத்தி, நின்ன இடத்துலயே ஓட்டினாங்க. சேசிஸ் டைனமோமீட்டர்னு பேரு, காருக்கான டிரெட்மில்னு வெச்சுக்கலாம். எந்த விநாடில என்ன வேகம்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். அதுக்குப் பேருதான் டிரைவிங் சைக்கிள்.

ஐரோப்பா 1970-ல எழுதின ஸ்கிரிப்ட் பாரிஸ், ரோம் மாதிரி நெரிசல் நகரத்தை மனசுல வெச்சு எழுதினது. மொத்தம் 195 விநாடி, சுமார் ஒரு கிலோமீட்டர். உச்ச வேகம் 50. சராசரி வேகம் 20-க்கும் கீழ. பூஜ்யத்துலேருந்து 50-க்குப் போக 26 விநாடி எடுத்துக்கும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்காரர் அதைப் பாத்தா ஹாரன் அடிப்பார். அப்புறம் ஹைவேக்குன்னு இன்னொரு பாகத்தைச் சேத்தாங்க, அதுல உச்ச வேகம் 120.

இந்தியா பக்கம் வருவோம். புனேல 1966-ல ஆரம்பிச்ச ஏஆர்ஏஐ தான் இங்க வண்டிகளைச் சோதிச்சு சான்று குடுக்குற முக்கியமான இடம். 1980-கள்ல நமக்குன்னு இந்தியன் டிரைவிங் சைக்கிள் வந்துச்சு. 108 விநாடி ஸ்கிரிப்ட், உச்ச வேகம் 42. அன்னிக்கு நம்ம ரோட்ல ஓடினது அம்பாசிடரும் பத்மினியும், யாரும் குறை சொல்ல முடியாது. 2000-ஐ ஒட்டி கார்களுக்கு ஐரோப்பாவோட ஸ்கிரிப்டையே எடுத்துக்கிட்டாங்க. ஒரு திருத்தம் மட்டும் பண்ணாங்க, ஹைவே பாகத்துல 120-ஐ 90 ஆக்கினாங்க. இதுதான் மாடிஃபைட் இந்தியன் டிரைவிங் சைக்கிள். டூ வீலர் விளம்பரத்துல இன்னிக்கும் ஐடிசி ரேஞ்ச்னு போடுறாங்களே, அது அந்தப் பழைய சைக்கிளோட பேருதான்.

இதுல ஒரு திருப்பம் இருக்கு. பெட்ரோல் காருக்கு நெரிசல் ஓட்டம்தான் கஷ்டமான பரீட்சை. நின்னு நின்னு போனா மைலேஜ் விழும், ஹைவேல ஏறும். எலக்ட்ரிக் காருக்கு இது அப்படியே தலைகீழ். சிக்னல்ல நின்னா மோட்டார் ஒண்ணும் குடிக்காது. பிரேக் போட்டா கொஞ்சம் கரன்ட் பேட்டரிக்கே திரும்பி வரும். வேகமா போனாத்தான் பிரச்சினை, காத்தைக் கிழிக்கிற செலவு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 50-லேருந்து 90-க்குப் போனா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காத்துக்குக் குடுக்குற கூலி மூணு மடங்குக்கு மேல. ஆக, பெட்ரோல் காரைக் கஷ்டப்படுத்த எழுதின கேள்வித்தாள், எலக்ட்ரிக் காருக்குப் பிட்டு பேப்பர் மாதிரி அமைஞ்சுபோச்சு. யாரும் சதி பண்ணல. 1970-ல அந்த ஸ்கிரிப்டை எழுதினவங்க மனசுல எலக்ட்ரிக் காரே இல்ல.

இன்னும் ரெண்டு சலுகை. டெஸ்ட்ல ஏசி ஆஃப். அதோட, நம்ம நாட்ல எலக்ட்ரிக் காருக்கு ரொம்ப நாளா அந்த ஸ்கிரிப்டோட முதல் பாகம், சிட்டி பாகம் மட்டும்தான் கணக்கு. அதாவது சித்தப்பா கார் பேப்பர்ல இருந்த 300 சொச்சம், ஏசி இல்லாம பாரிஸ் நெரிசல்ல ஊர்ந்தா எவ்வளவு தூரம் போகும்ங்கிற கேள்விக்கான பதில். நாங்க கேட்டது மன்னார்குடி ரோட்ல விடியக்காலைல எவ்வளவுன்னு. எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு வசனம் உண்டு: "என் மெஷின்ல ஒர்க் ஆகுதே!"

இது ஏன் இத்தனை நாள் யாரையும் உறுத்தலன்னா, நம்ம பழைய எலக்ட்ரிக் கார்கள் ஊரைத் தாண்டவே இல்ல. சாலக்குடியிலயும் கோயம்புத்தூர்லயும் தயாரிச்ச லவ்பேர்ட் 1993-ல வந்துச்சு, 60 கிலோமீட்டர்னாங்க. பெங்களூர் ரேவா 2001-ல வந்துச்சு, 80-ன்னாங்க. அதை எடுத்துக்கிட்டு யாரும் கோடியக்கரைக்குக் கிளம்ப மாட்டாங்க. நம்பர் பெருசான பிறகுதான் ஜனங்க அதை நம்பி வெளியூர் கிளம்பினாங்க.

மத்த நாடுகள் என்ன பண்ணுச்சு? அமெரிக்கால மைலேஜ் லேபிளைப் பத்தி ஜனங்க புகார் மேல புகார் குடுத்து, 1980-கள் நடுவுலயே லேப் நம்பரை சிட்டிக்கு 10 சதவீதம், ஹைவேக்கு 22 சதவீதம் குறைச்சுப் போட ஆரம்பிச்சாங்க. எலக்ட்ரிக் காருக்கு லேப் ரேஞ்சைப் பொதுவா 0.7 ஆல பெருக்குறாங்க. எனக்கு அந்த 0.7 ரொம்பப் புடிக்கும். மேனேஜர் எஸ்டிமேட் கேட்டா நானும் மனசுக்குள்ள ஒண்ணால பெருக்கித்தான் சொல்லுவேன். ஐரோப்பா 2017-ல பழைய ஸ்கிரிப்டைத் தூக்கிப்போட்டு, 130 வரைக்கும் வேகம் போற புது டெஸ்டுக்கு மாறிச்சு. தென் கொரியால 2023 ஜனவரியில, குளிர்ல ரேஞ்ச் எவ்வளவு விழும்னு வாங்குறவங்களுக்குச் சொல்லலன்னு டெஸ்லாவுக்கு 285 கோடி வோன் அபராதமே போட்டாங்க.

இங்கயும் மாறுது, மெதுவா. ஓசூர்ல வண்டி செய்யுற ஏதர், 2022-ல வந்த 450எக்ஸ் ஸ்கூட்டருக்கு சான்று நம்பர் 146-ஐயும், ரோட்ல நிஜமா கிடைக்கும்னு தானே சொன்ன 105-ஐயும் சேத்தே சொல்லுச்சு. 2024-ல கார்களுக்கு ரெண்டு பாகத்தையும் சேத்து ரேஞ்ச் சொல்லணும்னு ஆச்சு. அதே வருஷம் வந்த டாடா கர்வ் காரைப் பாருங்க. 55 யூனிட் பேட்டரி. முதல் பாகம் மட்டும்னா 585. ரெண்டு பாகமும்னா 502. முக்கால்வாசி கஸ்டமருக்கு நிஜமா கிடைக்கும்னு கம்பெனியே சொன்னது 400-லேருந்து 425. மூணு நம்பரும் அந்த ஒரே பேட்டரிக்குத்தான். இதுல விளம்பரத்துல எதைப் பெருசா போடுறாங்கங்கிறதுதான் என் கவலை.

சரி, பேப்பர் நம்பர் போகட்டும், டேஷ்போர்டு 255? அது பேப்பரைப் பாக்காது, சமீபத்துல நீங்க எப்படி ஓட்டினீங்கன்னு பாத்து, அதே மாதிரி ஓட்டினா மீதி எவ்வளவுன்னு சொல்லும். நிசான் லீஃப் ஓட்டினவங்க இதுக்கு "கெஸ்-ஓ-மீட்டர்"னு பட்டப்பேரே வெச்சாங்க. முந்தின வாரம் முழுக்க சித்தப்பா போனது பேங்க், கீழவாசல் மார்க்கெட், கோயில். 255 அந்த வாரத்தோட நம்பர். நாங்க ஹைவேல ஏறினதும் அது பதறிப்போய் சரிய ஆரம்பிச்சுது.

இப்ப திரும்ப கோடியக்கரை. 96 கையில, 112 போகணும். சித்தப்பா ஏசியை அணைச்சார், கண்ணாடியைப் பாதி இறக்கினார், 50-க்கு மேல போறதில்லன்னார். ஆடிக் காத்து வேற நேரா எதிர்ல. எதிர்காத்து 20-ல அடிச்சா, 50-ல போற கார் 70-ல போற கூலியைக் குடுக்கும்.

50-ல போனா பேச நிறைய நேரம் கிடைக்கும். அகத்தியம்பள்ளி உப்பளத்தைத் தாண்டுறப்ப, ராஜாஜி இங்கதானே உப்பு அள்ளினார்னு பேச்சு வந்துச்சு. 1930 ஏப்ரல் 13 திருச்சியில கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியா வேதாரண்யத்துக்கு 28-ம் தேதி வந்தாங்க. சுமார் 240 கிலோமீட்டர், 15 நாள், கிட்டத்தட்ட நூறு பேர். ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர், சித்திரை வெயில்ல ஒரு மனுஷன் தினமும் நடக்கக்கூடிய தூரம். அவங்களுக்குச் சோறோ இடமோ குடுத்தா ஜெயில்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினப்ப, ஊர்க்காரங்க சோத்துப் பொட்டலத்தை வழியில மரத்துல கட்டிவிட்டாங்க. "அன்னிக்கு மரத்துக்கு மரம் சார்ஜர் இருந்திருக்கு"ன்னார் சித்தப்பா. கார்ல யாரும் சிரிக்கல. அப்பாயி முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டே, "இன்னும் எவ்வளவு தூரம்யா?"ன்னு கேட்டுச்சு. வெயில் உச்சிக்கு வந்திருந்துச்சு. விடிஞ்சதுலேருந்து அது சாப்பிடல, விரதம். இந்த நம்பர் விஷயம் எனக்கு வேடிக்கையா இல்லாமப் போனது அந்த நிமிஷம்தான்.

மன்னார்குடி வந்தப்ப 74 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. பேட்டரி 15 சதவீதம், டேஷ்போர்டு 37. தஞ்சாவூர் 38. போயிரலாமான்னு சித்தப்பா என்னைப் பாத்தார். நான் அப்பாயியைப் பாத்தேன். அத்தை வீட்டுக்குத் திருப்புங்கன்னேன்.

அத்தை வீட்ல கிரைண்டருக்குப் போட்ட 15 ஆம்ப் பிளக். ரெண்டு மணி நேரத்துல ஆறு யூனிட் மாதிரி ஏறுச்சு, தஞ்சாவூருக்குத் தாராளம். அதுக்குள்ள வாழைக்காய்க் கறியோட சாப்பாடு ஆச்சு, அப்பாயி ஃபேன் கீழ படுத்துத் தூங்குச்சு. நான் இலைல உக்காந்தே கணக்குப் போட்டேன். காலைல போன வேகத்துக்கு முழு சார்ஜுக்கு 207. திரும்பும்போது எதிர்காத்துலயும் 239. ஏசியை அணைச்சு, வேகத்தைக் குறைச்சு, ஐரோப்பாக்காரன் ஸ்கிரிப்ட் பக்கமா போகப்போக அந்த 300-ஐ நோக்கிப் போயிருக்கு.

இப்ப சித்தப்பா கார்ல ஸ்டியரிங் பக்கத்துல அவர் கையெழுத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. "டவுன் 255. ஏசி போட்டு வெளியூர் 200. ஆடி மாசம் 180. அம்மா கூட வந்தா 150."

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.